பரமலிங்கத்தாருக்கு லைன் சரியில்லை

நெடுந்தீவு மாவிலித்துறையில் வந்து இறங்குகிறவர் பரமலிங்கத்தார் வீட்டை விசாரிக்கத் தேவையில்லை. தெற்கே பார்த்தால் போதும். முருகைக்கல் மதிலுக்கு மேலாலே, பனைகளோடு போட்டிக்கு நிற்கிறதுபோல ஓர் இரும்புக் குழாய் நிற்கும். அதன் நுனியில் மீன் முள்ளு மாதிரி ஒரு அன்ரனா. அது வேலை செய்து எத்தனையோ வருடம். கழற்றி இரும்புக்குப் போடச் சொன்னவர்கள் உண்டு. அவர் போடவில்லை. அந்தப் பக்கத்தில் முதன்முதல் ரெலிபோன் மணி அடித்த வீடு எதுவென்று நாளைக்கு ஒருவன் கேட்டால் காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

படிப்பு ஐந்தாம் வகுப்பு. இதை மற்றவர்கள் சொல்ல அவர் விடமாட்டார், முந்திக்கொண்டு தானே சொல்லுவார். பதினொரு வயதில் குருநாகலில் ஊரவர் ஒருவரின் கடைக்குச் சாக்கு உதறப் போனவர், மீசை முளைத்து முடிகிறதற்குள் அதே தெருவில் தன் பெயருக்குக் கடை எடுத்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தது. சாம்பல் ஆறிய பிறகு திரும்பிப் போய், வேறு ஊரில், வேறு தெருவில், இன்னொரு கடை போட்டார். தெற்கே வியாபாரம் செய்த தீவார் கடையின் பெயரை விலாசம் என்பார்கள். "படிச்சவன் விலாசத்தை எழுதுவான். நான் விலாசத்தை எடுத்தவன்" என்பது அவர் வாய்ச்சொல். கேட்கிறவனுக்கு அது நூறாவது தடவையாக இருந்தாலும் அவருக்கு முதலாவது தடவைதான். சொல்லட்டுமே. வெறுங்கையை ஊன்றி எழும்பின மனிதனுக்கு அதைச் சொல்லவும் உரிமை இல்லையா?

கலியாணம் பிந்தித்தான் நடந்தது. மனைவி சறோஜினிதேவி, ஒரே மகள் துஷாந்தி. சமாதானக் காலத்தில் மூவருமாகத் தீவுக்குத் திரும்பி, வீட்டு முகப்பிலேயே கடை திறந்தார்கள். அப்போதுதான் அந்தக் கம்பியில்லாத ரெலிபோனைக் கொண்டுவந்தார். கோபுரம் அந்நாளில் தீவில் இல்லை. புங்குடுதீவுப் பக்கமிருந்து கடலுக்கு மேலால் வருவதைத்தான் பிடிக்கவேண்டும். கனடாவிலும் சுவிஸிலும் பிள்ளைகளை வைத்திருந்த சனம் பின்னேரமானால் அவருடைய முற்றத்து வாங்குப் பலகையில் வரிசையாக இருக்கும். குழாயைக் கட்டிப்பிடித்துத் திருப்புகிற வேலை சின்னப்பிள்ளை துஷாந்திக்கு. உள்ளே றிசீவரோடு அப்பா, வெளியே குழாயோடு மகள், நடுவே படியில் நின்று இரண்டு பக்கமும் செய்தி கடத்துகிறது தாய்.

"விளங்குதோ?"

"இல்லையாம். இன்னும் கொஞ்சம் கிழக்காலை."

"இப்ப?"

"ஆ, விளங்குதாம். அசையாமல் நில்."

இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். யாழ்ப்பாணத்துப் பக்கம் விளங்குகிறது என்றால் கருத்துப் பிடிபடுகிறது என்றும் அர்த்தம், சத்தம் துலக்கமாக வந்து சேருகிறது என்றும் அர்த்தம். விளங்கேல்லை என்று ஒருவர் சொன்னால் பிழை யார் பக்கம் என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. கதைக்கிறவரின் வாயாக இருக்கலாம், வருகிற வழியாக இருக்கலாம், கேட்கிறவரின் காதாகவும் இருக்கலாம். பரமலிங்கத்தார் பிற்காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் பதுங்கியிருந்தார்.

குழாயைப் பிடித்த பிள்ளை கெட்டிக்காரி. தீவுப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று உயர்தரம் முடித்து, கிளிநொச்சியில் இருக்கிற பொறியியல் பீடத்துக்கு எடுபட்டாள். அங்கே மூன்றாம் வருடத்தில் கம்பியில்லாத் தொடர்பாடல் என்ற பாடத்தைத் தனக்கென்று பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் லீவில் வந்தால் பழுதான போன்களோடு சனம் வரும். சார்ஜ் ஏறவில்லை என்று ஒருவர், கண்ணாடி உடைந்தது என்று ஒருவர். பரமலிங்கத்தாருக்குக் கோபம் வரும். "என்ரை மகள் போன் திருத்தப் படிக்கேல்லை. போனுக்குள்ளை வாறது வாற வழியைப் படிக்கிறாள்" என்று கேற்றடியிலேயே நின்று திருப்பி அனுப்புவார்.

அந்த வழி எப்படி என்று அவரும் ஒருநாள் கேட்டுப் படித்தார். ஒரு கோபுரத்திலிருந்து புறப்படுகிற அலை கடலைத் தாண்டும்போது இரண்டாக வந்து சேருமாம். ஒன்று நேரே வரும். மற்றது கடல் முகத்தில் பட்டுத் தெறித்துக் கொஞ்சம் பிந்தி வரும். இரண்டும் ஒத்துப்போனால் பலம். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் வந்து சேருகிறது வெறுமை. அவர் தலையாட்டி, இரண்டு பங்காளிகள் சேர்ந்து போட்ட கடை மாதிரி என்றார். துஷாந்தி சிரித்துவிட்டு, தங்கள் விரிவுரையாளர் மூன்று மணித்தியாலம் பலகையில் எழுதினது அதுதான் என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவர் ஒரு மாதம் இறங்குதுறையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

சறோஜினிதேவி மகளின் உயர்தரப் பரீட்சை மறுமொழி வந்த வருடமே கண்ணை மூடிவிட்டார். அதோடு கடையும் படிப்படியாக ஒடுங்கியது. பெரிய வீடு. ஆறு கதிரை போட்ட விறாந்தையில் ஒரு கதிரையில்தான் ஆள். குசினியில் ஒரு பானை, ஒரு கோப்பை. பக்கத்து வளவில் றஞ்சனி என்ற பெண் ஆடு வளர்த்துக்கொண்டு தனியே இருந்தாள், பகலில் ஒருதரம் எட்டிப் பார்ப்பாள். மற்றப்படி மதிலுக்கு வெளியே கட்டைக் குதிரைகள் புல்லுத் தேடிப் போகும், காற்று பனைகளுக்குள்ளே போய் வரும். இருட்டுகிற நேரத்தில் துஷாந்தி கிளிநொச்சியிலிருந்து எடுப்பாள். அந்த ஒரு அழைப்புக்காக அவர் பின்னேரம் முழுக்கப் போனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். யாராவது பார்த்தால் மணி பார்க்கிறதுபோலக் கையில் எடுப்பார்.

காது எப்போது போகத் தொடங்கியது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. முதலில் நின்றது சுவர் மணிக்கூட்டின் சத்தம். மணிக்கூடு பழுது என்று பற்றறி மாற்றினார். முள்ளுச் சரியாகத்தான் ஓடியது. பிறகு குருவிகள் நின்றன. பிறகு பெண்பிள்ளைகளின் மெல்லிய குரல் பஞ்சுக்குள் வைத்துச் சுற்றினதுபோல வந்தது. ஆளுக்கு ஆள் நின்று கதைத்தால் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு சொல் சிங்களம் தெரியாமல் போய் முழுச் சிங்களத்தில் வியாபாரம் செய்து காட்டின மனிதன், சின்ன வயதிலேயே வாயைப் பார்த்துச் சொல்லைப் பிடிக்கப் பழகினவர். அந்த வித்தை இப்போது கைகொடுத்தது. ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. போனுக்குத்தான் வாய் இல்லை.

அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று. "லைன் சரியில்லை, பிள்ளை. பின்னேரத்திலை விளங்கேல்லை." தீவில் முதல் ரெலிபோன் வைத்த ஆள், எனக்குக் காது கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்லுவது?

ஆகவே எது கேட்டாலும் சம்மதமாக ஓம் போடப் பழகினார். மகள் என்ன ஒழுங்கில் கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ, றஞ்சனியக்கா வந்தவவோ. அந்தப் பஞ்சுச் சத்தம் எங்கே ஏறி நிற்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் ஒரு ஓம். அடுத்தது நிற்கிற இடத்தில் இன்னொரு ஓம். அவள் குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் காதில் விழும். அதுவும் அவருக்குப் போதுமாக இருந்தது. ஆள் இருக்கிறாள், கதைக்கிறாள்.

பங்குனியில் ஒரு பின்னேரம் அவள் வழக்கத்தைவிட நிறையக் கதைத்தாள். இடையிலே நிறுத்தினாள். திரும்பவும் ஏதோ மெதுவாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பரமலிங்கத்தார் அந்த மௌனத்தை உணர்ந்து, கொஞ்சம் பலமாகவே போட்டார். "ஓம், ஓம். அதுதான் சரி."  பிறகு லைன் நின்றது.

என்னத்துக்கு ஓம் சொன்னார் என்பது அவருக்குத் தெரியவந்தது இறங்குதுறையில். குறிகாட்டுவானிலிருந்து வந்த படகில் அவருடைய காஸ் சிலிண்டரை இறக்கிக் கொடுத்தவன் நிசாந்தன். அந்தப் படகில் வேலை செய்கிறவன், வாய்க்காரன். அவனுடைய தங்கையும் கிளிநொச்சியில்தான் படிக்கிறாள்.

"முதலாளி, பெரிய ஆள்தான் நீங்கள்" என்றான். "துஷாந்தியக்கா ஆவணியிலை பின்லாந்துக்கு மேல்படிப்புக்குப் போறாவாம், தங்கச்சி சொன்னவள். அப்பா வேண்டாம் எண்டால் நிக்கிறது எண்டுதான் அவ கேட்டவவாம். நீங்கள் உடனை ஓம், அதுதான் சரி எண்டிட்டியளாம்."

பரமலிங்கத்தார் அவன் வாயைப் பார்த்தபடி நின்றார். ஒரு சொல்லும் தவறவில்லை.

"பின்னை?" என்றார். "பிள்ளையைக் கட்டிவச்சே நான் வளர்த்தனான்?"

அந்த நாடு எந்தப் பக்கம் என்று நிசாந்தன் கேட்டதற்கு, அவர் முதன்முதல் வாங்கின கைப்போனைச் செய்த நாடு என்று விளக்கமும் கொடுத்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் கேட்கத்தக்கதாகக் கொடுத்தார். பிறகு சிலிண்டரைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போனார். ஏறி ஓடவில்லை. 

அன்றையிலிருந்து அந்த வீட்டில் ஒரே ஒரு கணக்குத்தான். எனக்குக் காது கேட்காது, அன்றைக்கு நீ கேட்டதும் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மகள் போகமாட்டாள். அவர் பெற்ற பிள்ளையை அவருக்குத் தெரியாதா? சொல்லாவிட்டால் ஆவணியில் போய்விடுவாள். விறாந்தையில் ஆறு கதிரையும் அவரும். சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு பின்னேரமும் நினைப்பார். போன் மடியில் அதிரும். எடுப்பார். ஓம் என்பார்.

வைகாசியில் அவளே வந்து இறங்கினாள். இரண்டு பெரிய பை, ஒரு மடிக்கணினி, ஒரு முக்காலி, சீலைக்குள் சுற்றின ஒரு அன்ரனா. கடைசி வருட ஆய்வுக்காக இரண்டு கிழமை நிற்கப்போகிறாளாம். பரமலிங்கத்தாருக்குக் கால் தரையில் படவில்லை. பைகளை நிசாந்தனைத் தூக்க விடாமல் தானே தூக்கினார். ஆய்வு எதைப் பற்றி என்று அவள் சொன்ன பிறகு பைகளின் பாரம் தெரிந்தது.

தீவிலிருக்கும் இந்தக் காலத்துக் கோபுரம் கடலுக்கு மேலால்தான் மறுகரையோடு தொடர்பு வைத்திருக்கிறது. வெயில் தாழ்ந்து காற்று விழுகிற பின்னேரங்களில் கடலை ஒட்டி ஈரக்காற்று ஒரு படையாக நிற்குமாம். அந்தப் படைக்குள் அகப்பட்ட அலை வளைந்து போகும். சில வேளை வரவேண்டிய இடத்துக்கு வராது. சில வேளை இந்தியாவில் நிற்கிற கோபுரத்தின் அலை இங்கே வந்து விழும். அவருடைய போனிலேயே இந்தியாக்காரன் வரவேற்புச் சொல்லி இரண்டு மூன்று தரம் செய்தி வந்திருக்கிறது. என்னைத் தேடி அக்கரையில் இருந்தும் வாறாங்கள் என்று அதையும் பெருமையாகக் காட்டித் திரிந்தவர்தான் அவர்.

"பின்னேரத்திலை விளங்கேல்லை எண்டு நீங்கள் சொல்லிச் சொல்லித்தான் அப்பா எனக்கு இது பிடிபட்டது" என்றாள் துஷாந்தி. "புத்தகத்திலை இருக்கிற மாதிரியே சொன்னனீங்கள். எங்கடை விரிவுரையாளர் சேருக்கும் நல்ல விருப்பம். முதல் பக்கத்திலை உங்களைத்தான் போட்டிருக்கிறன். நெடுந்தீவிலை ஒரு பாவனையாளரின் முறைப்பாடு எண்டு."

மகளின் பல்கலைக்கழக ஆய்வில் முதல் பக்கம் என்றால் சும்மாவா? நெஞ்சு ஒருபக்கம் விரிந்தது. அவர் சொன்ன பொய்யில்தான் அந்தப் பக்கம் நிற்கிறது என்று நினைத்தபோது மறுபக்கம் சுருங்கியது.

பகலில் அவள் கருவிகளை மொட்டைமாடியில் வைத்து அளந்தாள். அவர் குடை பிடித்தார். அளந்தது போதாது, மனிதர் கேட்டும் சொல்லவேண்டும் என்றாள். அவர்கள் படிப்பில் அப்படி ஒரு முறை இருக்கிறதாம். ஒரே அழைப்பைச் சிலருக்குக் கேட்கக் கொடுத்து, குரல் எவ்வளவு துலக்கம் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி போடச் சொல்லுவார்கள். ஒன்று படு மோசம், ஐந்து திறம். அவள் மேற்குக் கரையில் போய் நின்று, பதிந்து வைத்த வசனங்களைத் தன் போனில் போடுவாள். வீட்டில் அப்பாவும் றஞ்சனியும் மாறி மாறிக் கேட்டுப் புள்ளி சொல்லவேண்டும்.

நீ மேற்குக் கரையில் நின்றால் இங்கே கூப்பிடு தூரந்தானே, அது எப்படிக் கடலைத் தாண்டும் என்று அவர் கேட்டார்.

"என்ரை குரல் கோபுரத்துக்குப் போய், கடலைத் தாண்டி அக்கரைக்குப் போய், திரும்பவும் கடலைத் தாண்டித்தான் உங்கடை காதுக்கு வரும் அப்பா. இந்தத் தீவுக்குள்ளை ஆர் ஆரோடை கதைச்சாலும் அப்பிடித்தான்."

அது அவர் மனதில் போய்க் குந்திக்கொண்டது.

முதல் நாள் அவர்தான் முதலில் கேட்டார். போனைக் காதோடு அமத்திப் பிடித்தார். பஞ்சு. ஒன்று என்றார். அதையே றஞ்சனிக்குத் திரும்பப் போட, அவள் ஐந்து என்றாள். அடுத்ததற்கு அவர் இரண்டு, அவள் ஐந்து. அதற்கடுத்தது அவர் ஒன்று, அவள் நாலு. றஞ்சனி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் லைனைத் திட்டினார். அன்றிரவு துஷாந்தி கணினிக்கு முன்னால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு இருந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்கிறவர்களின் காது சரியோ என்று முதலில் பார்க்கவேண்டும் என்பது அந்த முறையின் முதலாவது விதி. பெற்ற தகப்பனிடம் போய் அதை எந்தப் பிள்ளை கேட்கும்? அவள் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பரமலிங்கத்தார் கடைக்கார மூளையைப் போட்டார். பெண்களுக்குத்தான் முதலிடம் என்று றஞ்சனியை முன்னுக்கு விட்டார். அவள் ஐந்து என்றால் இவரும் ஐந்து, அவள் நாலு என்றால் இவரும் நாலு. ஒன்றிரண்டு தரம் நாலுக்கு மூன்று சொல்லி நேர்மையும் காட்டினார். எல்லாம் அழகாகப் போனது.

மூன்றாம் நாள் கேட்டுக்கொண்டு இருக்கும்போதே றஞ்சனியின் கிடாய் ஒன்று கட்டையறுத்துக்கொண்டு அவருடைய வாழைக்குள் பூந்துவிட்டது. அவள் போனை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அடுத்த பதிவு வந்த நேரம் முற்றத்தில் அவர் மட்டுந்தான். காதில் வைத்தார். நிற்கிற இடம் வரும்வரை காத்திருந்தார். நேற்று எல்லாம் ஐந்தும் நாலுமாகத்தானே போனது.

"நல்ல கிளியர், பிள்ளை" என்றார். "ஐஞ்சு."

மறுபக்கம் அவள் ஏதோ சொன்னாள். அவர் "ஓம், ஓம்" என்றார். திரும்பவும் சொன்னாள். "ஓம்."

றஞ்சனி மூச்சு வாங்க வந்து போனை வாங்கினாள். கேட்டாள். அவள் முகம் மாறினதை அவர் பார்த்தார். அவள் போனைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, அவருக்கு நேரே வந்து நின்று, வாயைத் திறந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அப்படி நிறுத்திச் சொன்னதிலேயே, அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

"அதிலை குரலே இல்லையாம் அண்ணை. சும்மா இரைச்சல் மட்டும் போட்டவவாம். உண்மையாக் கேட்டுத்தான் புள்ளி போடினமோ எண்டு பாக்க இடையிலை ஒண்டு அப்பிடிப் போடவேணுமாம்."

அவர் கதிரையில் இருந்தார். றஞ்சனி கிடாயைச் சாட்டாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டாள். நல்ல பெண். மேற்குக் கரையிலிருந்து சைக்கிளில் வர அவ்வளவு நேரம் எடுக்காது. அன்றைக்கு எடுத்தது. பொழுது பனைகளுக்குக் கீழே இறங்கி, மதிலில் செம்மையடித்து, அதுவும் போய், முற்றம் சாம்பலாக வந்த பிறகுதான் கேற் திறந்தது. அவள் சைக்கிளை மதிலோடு சாத்தினாள். கால் கழுவினாள். குசினிக்குள் போய்ப் பால் விடாத பிளேன்ரீ போட்டு இரண்டு கிளாஸில் கொண்டுவந்தாள். விறாந்தை விளக்கைப் போட்டாள். பிறகு ஒரு கதிரையை இழுத்து அவருக்கு நேர் எதிரே, விளக்கு தன் முகத்தில் படத்தக்கதாக வைத்துக்கொண்டு இருந்தாள். அவ்வளவு வருடமாக அவள் அப்படி இருந்ததில்லை.

"அப்பா, பங்குனியிலை நான் கேட்ட நேரம் நீங்கள் ஓம் எண்டனீங்கள். என்னத்துக்கு ஓம் எண்டனீங்கள்?"

மறுமொழி அவர் கையில் இருந்தது. நிசாந்தன் தந்தது. பின்லாந்துக்கு என்று ஒரு சொல் சொன்னால் மானமும் தப்பும், பிள்ளையும் போய்விடும். தெற்கில் அவ்வளவு காலம் கடை நடத்தினவருக்கு அந்தளவு பொய் சொல்லத் தெரியாதா? ஆனால் அவர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்ததுபோல அவளும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"கேக்கேல்லை, பிள்ளை."

"விளங்கேல்லையோ?"

"இல்லை. லைன் நல்ல லைன். எனக்குத்தான் காது கேக்கேல்லை."

அவள் கிளாஸை நிலத்தில் வைத்தாள்.  பிறகு நிமிர்ந்து, பின்லாந்துக்கு இன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றாள், நான் வரவில்லை என்று. கேட்காமல் சொன்ன ஓம் ஓமே இல்லை என்றாள். யாழ்ப்பாணத்தில் ஒரு வேலை எடுக்கலாம், கிழமைக் கடைசியில் படகில் வந்து போகலாம் என்றாள். அவர் பங்குனியிலிருந்து ஏங்கினது அதற்குத்தான். கேட்காமலே மடியில் வந்து விழுந்துவிட்டது. கையை மூடினால் சரி.

கை மூடவில்லை. பரமலிங்கத்தின் செவிட்டுக் காதுக்காகப் பெட்டை நின்றவள் என்று நாளைக்கு இறங்குதுறையில் ஒருவன் சொல்லுவான். அந்தச் சொல் அவருக்குக் கேட்காது. வாயைப் பார்த்துப் பிடித்துவிடுவார். அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. பதினொரு வயதில் அவரை வள்ளத்தில் ஏற்றிவிட்டபோது போகிறாயோ என்று ஒருவரும் கேட்கவில்லை. படிக்க விருப்பமோ என்றும் கேட்கவில்லை. இவள் கேட்டிருக்கிறாள். தன் வாழ்க்கையை எடுத்து அவர் கையில் கொடுத்து, வேண்டாம் என்றால் நிற்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். அவர் அந்த இரைச்சலுக்குப் போட்டதுபோல அதற்கும் கேட்காமலே ஐந்து புள்ளி போட்டிருக்கிறார்.

"இப்ப கேள்" என்றார். "என்ரை முகத்தைப் பாத்துக் கேள்."

"வேண்டாம் அப்பா."

"கேள் எண்டுறன்."

"நான் போகட்டோ?"

சத்தம் பஞ்சாகத்தான் வந்தது. சொல் முழுசாக வந்தது.

"ஓம்" என்றார். பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "இது கேட்டுச் சொன்ன ஓம். எழுதி வை. ஐஞ்சுக்கு ஐஞ்சு."

அவள் அழுதுகொண்டு சிரித்தாள். அவர் பிளேன்ரீயைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

ஆய்வு பிழைத்துக்கொண்டது. முதல் பக்கத்திலிருந்து அந்தப் பாவனையாளரை எடுத்துவிட்டு, கேட்பவரின் காதைச் சோதிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்று பின்னால் ஒரு பகுதி எழுதினாளாம். விரிவுரையாளர் அந்தப் பகுதியைத்தான் நல்லது என்றாராம். அளந்ததில் கண்டதைப் புறப்படுகிறதற்கு முதல் அவருக்கு முகத்துக்கு நேரே சொன்னாள். குரலுக்கு இந்த லைன் தாராளம். படம் பார்த்துக் கதைக்கிறதற்குத்தான் நிறைய இடம் வேண்டும், காற்று விழுந்த பின்னேரங்களில் அது காணாமல் போகும். யாழ்ப்பாணத்தில் காதையும் காட்டினார்கள். காதுக்குள் வைக்கிற சின்ன மெசின் ஒன்று எடுத்தார்கள். வைத்தால் பனையோலை, அலை, ஆட்டுக்குட்டி எல்லாம் ஒரே உரப்பில் மண்டைக்குள் ஏறியது. அதை அலுமாரியில் சறோஜினிதேவியின் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். ஆவணியில் மகள் போனாள். படகு மறைகிறவரைக்கும் இறங்குதுறையில் நின்று, நின்றவர்கள் எல்லோருக்கும் பின்லாந்தில் எவ்வளவு குளிர் என்று சொல்லிக்கொண்டு இருந்தார்.

இப்போது பின்னேரத்தில் படம் பார்த்துத்தான் கதை. போனைத் தகரச் சீனிப் பேணியில் சாத்தி வைத்துவிட்டு அதற்கு முன்னால் கதிரையைப் போடுவார். அவள் வெளிச்சத்துக்கு நேரே வந்து இருந்து, வாயைத் திறந்து ஆறுதலாகக் கதைப்பாள். அவர் ஒவ்வொரு சொல்லையும் பிடிப்பார். ஓம் போடுகிறதில்லை. மறுமொழி சொல்லுவார், குறுக்கே கேள்வி கேட்பார், இடையிலே குருநாகல் கதையும் விடுவார்.

காற்று விழுந்த ஒரு பின்னேரம். கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள், படம் அப்படியே நின்றுவிட்டது. வாய்ச் சொண்டு குவிந்தபடி, கண் பாதி மூடினபடி. அவர் சிறிது நேரம் பார்த்தார். போனைத் தூக்கிக் குழாயடிக்குப் போனார். மொட்டைமாடிக்கு ஏறினார். படம் அசையவில்லை. மதிலடியில் றஞ்சனி ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டு நின்றாள்.

"லைன் சரியில்லை, பிள்ளை" என்றார் அவளுக்கு.

"ஓம் அண்ணை, ஓம்" என்று சிரித்துவிட்டு அவள் போனாள்.

அவர் இறங்கி வந்து போனைத் திரும்பவும் சீனிப் பேணியில் சாத்தினார். குவிந்த சொண்டைப் பார்த்தார். ஓம் சொல்ல வந்தாளோ, போட்டு வாறன் என்று விடைபெற வந்தாளோ, பிடிபடவில்லை. இரண்டுக்கும் வாய் ஒரே மாதிரித்தான் குவியும். அதன் பிறகு வருகிற எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும். கதிரையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டு, போனை நிறுத்தாமல், அடுத்த எழுத்து வருகிறதோ என்று பார்த்துக்கொண்டு இருந்தார்.